டி.பி.எஸ். இருக்கிறதா?

லண்டனில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து லெஷர் சென்டரில் சனிக்கிழமை காலை பிள்ளைகளுக்கு பேட்மின்டன். ஸ்கோர் எண்ண ஆள் வேண்டும் என்றார்கள். பத்தாம் வகுப்புக் கணக்கில் நான் எடுத்த மார்க்கை மறந்து கையைத் தூக்கிவிட்டேன்.

"டி.பி.எஸ். இருக்கிறதா?" என்றார் கிளப்பின் வெல்ஃபேர் ஆபீசர் அம்மா. இல்லை, எனக்கு வேறு பேங்க் என்றேன். நம்ம கரூர் லட்சுமி விலாஸ் பேங்க்கை 2020இல் விழுங்கிய டி.பி.எஸ்.ஸைக் கேட்கிறார் என்று நினைப்பு. அவர் கேட்டதோ, பிள்ளைகளோடு பழகப்போகிறவரின் போலீஸ் ரெக்கார்டை அலசித் தருகிற அரசுச் சான்று. சம்பளமில்லாமல் வருகிறவர்களுக்கு இலவசம் என்றார். அந்த ஒரு வார்த்தை மட்டும் உடனே புரிந்தது.

வீட்டுக்கு வந்து, "என்னையே சந்தேகப்படுறாங்க!" என்று பொங்கினேன். 2002இல் இங்கே இங்கிலாந்தில், சோஹம் என்ற ஊரில் நடந்ததை மனைவி நினைவுபடுத்தினாள். பத்து வயதுச் சிறுமிகள் இரண்டு பேரைக் கொன்றவன் ஒரு பள்ளியின் கேர்டேக்கர். வேறு ஊரில் அவன்மேல் ஏற்கெனவே பல புகார்கள். வேலை கொடுத்த பள்ளிக்கு அவை போய்ச் சேரவே இல்லை. "அவன்கூட டி.வி.யில் வந்து ரொம்ப வருத்தப்பட்டுத்தான் பேசினான்" என்றாள். வாயை மூடிக்கொண்டு ஃபார்மை எடுத்தேன். ஐந்து வருஷத்து முகவரிகள் கேட்டிருந்தார்கள். அதையும் அவளிடமே கேட்டு எழுதினேன்.

சான்று வருவதற்குள் இன்னொரு மானக்கேடு. நீச்சல் வகுப்பில் என் மகள் முதல் தடவையாக மிதந்தாள். எந்த அப்பன் சும்மா இருப்பான்? போனை நீட்டினேன். விசில்! மீசை முளைக்காத லைஃப்கார்டு ஒருவன் ஓடி வந்து படத்தை அழிக்கச் சொன்னான். என் பிள்ளையைத்தானே எடுத்தேன் என்று எகிறினேன். இரண்டு பேரும் சேர்ந்து பார்த்தோம். படத்தில் அடுத்த வீட்டுப் பிள்ளைகள் ஏழு பேர், என் கட்டைவிரல் ஒன்று. மகளைக் காணோம்.

அப்புறம் ஒரு சாயங்காலம் கிளப்பில் பிள்ளைகள் பாதுகாப்புப் பயிற்சி. 'யாரிடமும் சொல்லாதீங்க' என்று ஒரு பிள்ளை எதையோ சொல்ல வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். "சத்தியமா சொல்ல மாட்டேன்னு சொல்வேன்" என்றேன், முந்திரிக்கொட்டையாக. தப்பாம். ரகசியம் காப்பதாக வாக்குக் கொடுக்கக் கூடாது. துருவித் துருவிக் கேட்கக் கூடாது. பிள்ளை சொன்னதை அதன் வார்த்தையிலேயே எழுதி, வெல்ஃபேர் ஆபீசரிடம் உடனே சேர்க்க வேண்டும். மழையே கொட்டினாலும் பிள்ளையைத் தனியாகக் காரில் ஏற்றக் கூடாது. எங்கள் ஊரில் கன்னத்தைக் கிள்ளாமல் யாரும் குழந்தையிடம் பேர்கூடக் கேட்டதில்லை. கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் பாக்கெட்டில் விட்டுக்கொண்டேன்.

வேலையில் சேர்ந்த மூன்றாவது வாரம். ஒன்பது வயதுப் பையன் ஒருவன் கோர்ட் ஓரமாக வந்து, "ஒண்ணு சொல்லணும், யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றான். எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன்: "ரகசியமா வெச்சுக்கிறேன்னு சொல்ல முடியாதுப்பா. ஆனா நீ சொல்றதைக் கேட்பேன்."

கொஞ்ச நேரம் யோசித்தான். "நீங்க எண்ற ஸ்கோர் எல்லாம் தப்பு. நீங்க வருத்தப்படுவீங்கன்னு நாங்களே தனியா எண்ணிக்கிறோம்."

விதி விதிதானே? அவன் வார்த்தையிலேயே எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆபீசர் அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார்.

"தெரியும். போன வாரமே நாலு பிள்ளைங்க வந்து சொல்லிட்டாங்க."