பௌர்ணமி இரவில் லாக்-அவுட் ஏன்?

லாட்ஜ் உரிமையாளர், தேரடி வீதி: எங்கள் அறைப்பதிவு வெப்சைட்டில் ஒருமுறை லாகின் செய்தால் 30 நாளைக்கு மறுபடி கேட்காது. வாடிக்கையாளருக்கு வசதிதானே?

வசதிதான், திருடனுக்கும் சேர்த்து! தங்க வருகிறவர்களின் ஆதார் நகலும் போன் எண்ணும் உங்கள் சர்வரில் இருக்கின்றன. லாகின் செய்ததும் சர்வர் தரும் அனுமதிச் சீட்டுதான் டோக்கன். 30 நாள் செல்லும் ஒரே டோக்கன் களவுபோனால், அத்தனை நாளும் கதவு திறந்தே கிடக்கும். அதை இரண்டாகப் பிரிக்கச் சொல்லுங்கள். அன்றாட வேலைக்குப் பத்துப் பதினைந்து நிமிடமே செல்லும் ஆக்சஸ் டோக்கன். அது தீர்ந்ததும் அடுத்ததை வாங்கித் தர ரெஃப்ரெஷ் டோக்கன். இந்த ரெஃப்ரெஷ் டோக்கனும் ஒருமுறை பயன்பட்டதும் செல்லாததாகி, அதன் இடத்தில் புதிது வர வேண்டும். இதைத்தான் ரொட்டேஷன் என்கிறார்கள். வாடிக்கையாளர் அடிக்கடி பாஸ்வேர்டை அடிக்க வேண்டியதில்லை.

கல்லூரி மாணவி, வேங்கிக்கால்: திருடன் முந்திக்கொண்டு புதிய டோக்கனை வாங்கிவிட்டால்?

நல்ல கேள்வி. கோயில் வாசலில் காலணி காக்கும் கடையில் ஒரே நம்பர் டோக்கனோடு இரண்டு பேர் வந்து நின்றால் கடைக்காரர் என்ன செய்வார்? யார் உண்மையானவர் என்று தெரியும்வரை இருவருக்கும் செருப்பைத் தர மாட்டார். சர்வரும் அதையே செய்ய வேண்டும். செலவான டோக்கன் மறுபடி வந்தால், அந்த லாகினிலிருந்து பிறந்த எல்லா டோக்கன்களையும் ரத்து செய்துவிட்டு, பாஸ்வேர்ட் கேட்க வேண்டும். இந்தக் கண்காணிப்பு இல்லாத ரொட்டேஷன் பாதி வேலைதான். திருடன் முந்திய பிறகு டோக்கனின் உண்மையான சொந்தக்காரர் திரும்ப வரவே இல்லையென்றால் திருட்டு வெளிப்படாது. ஆகவே எத்தனை முறை மாறினாலும், குறிப்பிட்ட நாளோடு முழுச் சங்கிலியும் காலாவதியாக வேண்டும்.

அதே மாணவி: டோக்கனை லோக்கல் ஸ்டோரேஜில் வைக்கலாமா?

வேண்டவே வேண்டாம். அந்தப் பக்கத்தில் ஓடும் எந்த ஸ்கிரிப்டும் அதைப் படித்துவிடும். எச்டிடிபி-ஒன்லி, செக்யூர், சேம்சைட் மூன்றும் போட்ட குக்கியில் வையுங்கள். டேட்டாபேஸில் டோக்கனை அப்படியே எழுதாமல் ஹாஷ் மட்டும் இருக்கட்டும்.

புரோகிராமர், செங்கம் சாலை: நீங்கள் சொன்ன எல்லாம் செய்தாயிற்று. ஆனால் பௌர்ணமி அன்று மட்டும் ‘தானாக லாக்-அவுட் ஆகிறது’ என்று புகார் குவிகிறது. யாராவது தாக்குகிறார்களா?

தாக்குவது நெட்வொர்க், தம்பி. திருவண்ணாமலையின் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்க ஜனம், ஆளுக்கொரு போன், டவர் திணறுகிறது. போன் பழைய டோக்கனை அனுப்புகிறது. சர்வர் அதை ரத்து செய்து புதியதைக் கொடுக்கிறது. அந்தப் பதில் வழியிலேயே தொலைகிறது. போன் மறுபடி பழையதை நீட்டுகிறது. சர்வர் ‘திருட்டு!’ என்று எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. நள்ளிரவில் அந்தப் பாதையிலுள்ள நிருதி லிங்கத்தைக் கடந்து, கைக்குழந்தையோடு நடந்துவரும் ஒரு தாய் தன் அறைப்பதிவைத் திறக்க முடியாமல் நிற்கிறாள். மறுபடி லாகின் செய்ய ஓடிபி வரவும் அதே டவர்தான். உங்கள் புரோகிராம் அவளைத் தண்டிக்கக் கூடாது.

பழைய டோக்கனுக்கு முப்பது விநாடி சலுகை கொடு என்பார்கள் சிலர். சிக்னல் பத்து நிமிடம் போனால் அது உதவாது. நான் சொல்வது வேறு. புதிய டோக்கன் ஒருமுறையாவது பயன்பட்ட பிறகே பழையது சாகட்டும். அதற்குள் பழையது மறுபடி வந்தால் இன்னொரு புதியதைக் கொடுத்து, முதலில் கொடுத்ததை ரத்து செய்யுங்கள். ரத்தானது பிறகு எப்போதாவது தலைகாட்டினால் அதைத் திருட்டாகவே எடுத்துக்கொண்டு மொத்தத்தையும் மூடுங்கள். ஒரே பிரவுசரில் இரண்டு டேப் ஒரே நேரத்தில் புதுப்பிக்க ஓடினாலும் இதே குழப்பம் வரும். ஒன்று மட்டும் போய்வர லாக் போடுங்கள். ரிலீஸ் செய்யுமுன் சர்வரின் பதிலை வேண்டுமென்றே தொலைத்துச் சோதித்துப் பாருங்கள்.

கணக்காளர், போளூர்: இதெல்லாம் கட்டாயமா, விருப்பமா?

இத்தகைய டோக்கன்களுக்கான ஓஆத் 2.0 விதிநூலான ஆர்எஃப்சி 6749, 2012-லேயே ரொட்டேஷனைச் சொன்னது. 2025 ஜனவரியில் வந்த ஆர்எஃப்சி 9700 கண்டிப்பாகவே சொல்கிறது: ரகசியம் காக்க முடியாத பிரவுசர், மொபைல் ஆப்களுக்கு ரெஃப்ரெஷ் டோக்கன் கொடுத்தால், அதை அந்தச் சாதனத்தோடு பூட்டு, அல்லது ரொட்டேஷன் செய். நம் நாட்டின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தகுந்த பாதுகாப்பு செய்யாமல் தரவு கசிந்தால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு.

பக்தர், சேலம்: திருவண்ணாமலை வந்தபோது பிரவுசிங் சென்டரில் மெயில் பார்த்துவிட்டு, லாக்-அவுட் செய்யாமல் ஊருக்கு வந்துவிட்டேன். என்ன செய்ய?

இப்போதே போனை எடுங்கள். ஜிமெயில் என்றால் கூகுள் கணக்கில் ‘பாதுகாப்பு’ பகுதிக்குப் போய், ‘உங்கள் சாதனங்கள்’ பட்டியலில் அந்தக் கம்ப்யூட்டரைத் தேர்ந்தெடுத்து வெளியேற்றுங்கள். பிறகு பாஸ்வேர்டை மாற்றுங்கள்.