எலும்புக்கு ஸ்கேன், நாற்காலிக்குச் சலுகை

நூற்று நாற்பது கோடிப் பேர் உள்ள நாட்டில் கோல் அடிக்க ஓர் ஆள் தேடினார்கள். கிடைத்தவருக்கு வயது 40. அவரும் ஒன்பது மாதத்துக்கு முன்பே ஓய்வு பெற்று, கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் கண்கலங்க விடைபெற்றுப் போனவர்.

சுனில் சேத்ரியை இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 2025 மார்ச்சில் கூப்பிட்டார்கள், வந்தார். ஷில்லாங்கில் மாலத்தீவுக்கு எதிராகக் கோலும் போட்டார். அந்த இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) கால்பந்து சீசனில் இந்திய வீரர்களிலேயே அதிகக் கோல் அடித்தவரும் அவர்தான்: 14. அவர் வேலையை அவர் ஒழுங்காகச் செய்தார். அவர் இடத்துக்கு ஓர் ஆளைத் தயார் செய்யும் வேலை யாருடையது? அந்த வேலைக்கு உரியவர் இருபது வருடமாக லீவில் இருக்கிறார். சம்பளத்தோடு.

சராசரி வயதைப் பார்த்தால் இளம் அணிதானே என்று சமாதானம் சொல்ல எப்போதும் யாராவது இருப்பார்கள். அந்தக் கணக்கையும் பார்த்துவிடுவோம். 25 வயதுக்காரர்கள் பத்துப் பேர், 40 வயதுக்காரர் ஒருவர். கூட்டி 11-ஆல் வகுத்தால் 26.4. ஆஹா, இளமை! அறிக்கை எழுதிவிடலாம். கோல் போடும் பொறுப்பு முழுக்க அந்த ஒருவர் தலையில் இருப்பது வகுத்தலில் தெரியாது. சராசரியின் அழகே அதுதான். பள்ளத்தையும் மேட்டையும் சேர்த்துச் சமதளம் என்று சொல்லிவிடும்.

ஐரோப்பாவில் இதைத் தொழிலாகச் செய்கிறவர்கள் ஆடிய நிமிடங்களை வைத்து வயதை எடை போடுகிறார்கள். தொண்ணூறு நிமிடம் ஓடியவனின் வயது முழுதாகச் சேரும். பெஞ்சில் தண்ணீர் குடித்தவனின் வயது சேராது. நம் லீக்கில் அப்படிக் கணக்கெடுத்தால் குட்டு உடையும். இளைஞர்களைப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று விதி உண்டு, சேர்க்கிறார்கள். பெயர் பட்டியலில், பையன் பெஞ்சில், கோல் போடும் இடத்தில் வெளிநாட்டுக்காரர். சட்டம் காப்பாற்றப்பட்டது. பையன்தான் போனான்.

சரி, சராசரி எடுக்க முதலில் வயது தெரிய வேண்டுமே. இங்கேதான் கூத்து.

கையைத் தலைக்கு மேலே வளைத்து எதிர்க்காதைத் தொட்டால் ஐந்து வயது என்று பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொண்ட தேசம் இது. பிறந்த தேதி ஹெட்மாஸ்டரின் கொடை. ஃபிஃபா இந்தக் காகிதங்களை எப்போதோ நம்புவதை விட்டுவிட்டது. 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் 2009 முதல் மணிக்கட்டை எம்ஆர்ஐ எடுத்துப் பார்க்கிறது. ஆரை எலும்பின் நுனியில் வளர்ச்சித் தகடு முழுதாக மூடிவிட்டால் பையன் பெரும்பாலும் 17-ஐத் தாண்டியவன். காகிதம் பொய் சொல்லும், எலும்பு சொல்லாது.

2018 அக்டோபரில் பெங்களூருவில் ஜாம்ஷெட்பூர் அணிக்காக ஒரு பையன் கோல் அடித்தான். 16 வயது, ஐஎஸ்எல் வரலாற்றிலேயே இளையவன் என்று வர்ணனையாளர்கள் கூவினார்கள். மறுநாளே சாயம் வெளுத்தது. 2015-இல் வயது மோசடிக்காகப் பட்டத்தை இழந்த ஜார்க்கண்ட் சிறுவர் அணியில் இருந்தவன் அவன். அன்று பிடித்ததும் இந்தியக் கால்பந்து சம்மேளனம். பிறகு 16 வயது என்று பதிவு செய்துகொண்டதும் அதே சம்மேளனம். கடைசியில் பையனுக்கு ஆறு மாதத் தடை. ஓர் அணியே பட்டத்தை இழக்கும் அளவுக்கு வயது புரண்டிருக்கிறதே, பதிவேட்டையெல்லாம் சிறுவர்கள் ராத்திரியோடு ராத்திரியாகத் தாங்களே எழுதிக்கொண்டார்களா? கையெழுத்துப் போட்ட பெரியவர்களுக்கு எத்தனை மாதத் தடை? யாரும் கேட்கவில்லை. யாரும் சொல்லவுமில்லை.

இந்தக் கூத்தில் உண்மையான பிறந்த தேதி தேவைப்பட்டவர் ஒரே ஒருவர்தான். ஜோதிடர். சிரிக்காதீர்கள். 2022-இல் நடந்த ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றுக்காக ஒரு ஜோதிட நிறுவனத்துக்குச் சம்மேளனம் 16 லட்சம் ரூபாய் கொடுத்ததாகச் செய்தி வந்தது. பயிற்சியாளரே வீரர்களின் பட்டியலை ஜோதிடருக்கு அனுப்பி யோசனை கேட்டதாக 2023-இல் இந்தியன் எக்ஸ்பிரஸ் எழுதியது. ஹெட்மாஸ்டர் தேதியை வைத்துக் கட்டம் போட்டால் குரு பார்வை பக்கத்து வீட்டுப் பையன் மேல்தான் விழும். அவனுக்குக் கால்பந்து ஆடவே தெரியாது. ஆனாலும் யோகம் அவனுக்கு, செலவு நமக்கு.

இளைஞர்களை வளர்ப்பதாகச் சொல்லித் தொடங்கிய ஐஎஸ்எல்லின் முதல் சீசன் நினைவிருக்கிறதா? 2014. கேரளாவுக்கு டேவிட் ஜேம்ஸ், வயது 44. நம் சென்னைக்கு மார்கோ மாத்தராஸி, 41. கோவாவுக்கு ராபர்ட் பிரெஸ், 40. டெல்லிக்கு டெல் பியரோ, 39. நால்வரின் சராசரி சரியாக 41. எல்லோரும் மகத்தான ஆட்டக்காரர்கள்தான், வேறொரு பத்தாண்டில். கால்பந்தை வளர்க்க அருங்காட்சியகத்தை வாடகைக்கு எடுத்த நாடு நம்முடையது.

நிஜமாகவே இளைஞர்களை மட்டும் வைத்து ஓர் அணி இருந்தது. பெயர் ஆரோஸ். 2010-இல் தொடங்கினார்கள், 2013-இல் மூடினார்கள். 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை 2017-இல் இந்தியாவில் நடந்தது. மூன்று ஆட்டம், மூன்று தோல்வி. கொலம்பியாவுக்கு எதிராக ஜீக்சன் சிங் அடித்த ஒற்றைக் கோல்தான் மிச்சம். அந்தப் பையன்களுக்காக ஆரோஸை மறுபடி திறந்தார்கள். 2022-இல் மறுபடி மூடினார்கள். இளைஞர்கள் மட்டுமே ஆடிய அணிக்கு இரண்டு முறை சாவு. நாற்பது வயதுக்காரருக்கு மறுபிறவி. இதற்குப் பெயர் இளைஞர் மேம்பாடு.

இனி அளக்கவே அளக்காத வயதுக்கு வருவோம். 1988 முதல் 2022 வரை சம்மேளனத்துக்குத் தலைவர்கள் மொத்தம் இரண்டே பேர். காங்கிரஸின் பிரியரஞ்சன் தாஸ்முன்ஷி, தேசியவாத காங்கிரஸின் பிரஃபுல் படேல். 34 வருடம், இரண்டு பேர். நாற்காலியின் சராசரி 17 வருடம். பதவிக்காலம் முடிந்தும் எழுந்திருக்க மனம் வராத படேலை 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம்தான் எழுப்ப வேண்டியிருந்தது. அந்த ஆகஸ்டில் ஃபிஃபா இந்தியாவையே இடைநீக்கம் செய்தது. மானம் போனது நாட்டுக்கு. மணிக்கட்டை எம்ஆர்ஐ எடுப்பது பையன்களுக்கு. இந்தப் பெரியவர்களின் மணிக்கட்டில் வளர்ச்சித் தகடு எப்போதோ மூடிவிட்டது. பிடி மட்டும் தளரவில்லை.

2025-இல் புதிய தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் வந்தது. நிர்வாகிகளுக்கு 70 என்று இருந்த வயது வரம்பை அது இறுக்கியிருக்கும் என்று நினைத்தால் நீங்கள் அப்பாவி. சர்வதேச அமைப்பின் விதி இடம் கொடுத்தால் 75 வரை தேர்தலில் நிற்கலாம். பையன் ஒரு வயதைக் குறைத்தால் மோசடி. நிர்வாகி ஐந்து வயதை நீட்டினால் சட்டம்.

அதே 2025 ஜூலையில் ஐஎஸ்எல் நிறுத்தி வைக்கப்பட்டது. ஒளிபரப்பு, உரிமை, ஒப்பந்தம் என்று பெரியவர்களுக்குள் தகராறு. செப்டம்பரில் தொடங்க வேண்டிய சீசன் டிசம்பர் வந்தும் தொடங்கவில்லை. அக்டோபரில் மட்காவ் மைதானத்தில் சிங்கப்பூரிடம் 1-2 என்று தோற்று 2027 ஆசியக் கோப்பை வாய்ப்பையும் தொலைத்தோம். சிங்கப்பூரின் மக்கள்தொகை சுமார் 60 லட்சம். பெங்களூருவில் பாதிகூட இல்லை. லீக் நின்றாலும் வயது நிற்கவில்லை. இந்தியக் கால்பந்தில் தடையில்லாமல் ஏறுகிற ஒரே எண் அணியின் சராசரி வயதுதான்.

கவலைப்பட வேண்டாம், திட்டம் இருக்கிறது. 2023 ஜனவரியில் சம்மேளனம் வெளியிட்ட 'விஷன் 2047'. அந்த வருடம் நாம் ஆசியாவின் முதல் நான்கு அணிகளில் ஒன்றாக இருப்போமாம். 2047-இல் 24 வயதில் ஆடப்போகிறவன் திட்டம் வெளியான வருடத்தில்தான் பிறக்கிறான். ஆக, அன்றைய தேதியில் நம் கனவு அணியின் சராசரி வயது பூஜ்யம். உலகிலேயே இளைய அணி! யாரும் பதில் சொல்ல வேண்டாத அளவுக்குத் தூரத்தில் ஒரு தேதியைக் குறித்துவிட்டால் அதற்குத் தொலைநோக்கு என்று பெயர். அதுவும் தவறினால் பாதகமில்லை. 2047 ஆகஸ்டில் சேத்ரிக்கு 63 நிறைகிறது. கூப்பிட்டால் வருவார்.

சம்மேளனம் மூன்று கணக்கை வெளியிடட்டும். ஒவ்வொரு கிளப்பிலும் 21 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் களத்தில் ஆடிய நிமிடங்கள். வயது மோசடியில் தண்டிக்கப்பட்ட பெரியவர்களின் பட்டியல். சம்மேளனத்திலும் மாநிலச் சங்கங்களிலும் யார் எத்தனை வருடமாக நாற்காலியில் இருக்கிறார் என்ற விவரம். இதற்கு எம்ஆர்ஐ வேண்டாம், ஜோதிடர் வேண்டாம், 16 லட்சமும் வேண்டாம். ஒரு குமாஸ்தாவும் ஒரு மத்தியானமும் போதும். அந்த மூன்றும் வெளிவரும்வரை, இது இளம் அணி என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். சொல்கிறவருக்குப் பதவியில் எத்தனை வயது என்று திருப்பிக் கேளுங்கள்.