முள்ளைப் பார்த்தவர்களும் ஓட்டையைப் பார்த்தவரும்

பெர்லினில் கிறிஸ்டியன் காட்ஃபிரீட் எஹ்ரென்பெர்க் என்று ஒரு மேதை இருந்தார். ஹம்போல்ட்டோடு சைபீரியா வரை போய்வந்தவர். ‘பாக்டீரியம்’ என்ற பெயரையே உலகத்துக்குத் தந்தவர். கண்ணுக்குத் தெரியாத எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் ஜாதகமே கணித்துவிடுவார். பலிக்குமா என்பது வேறு விஷயம்!

ஒரு செல் உயிரிகளுக்குச் சாயம் கலந்த தண்ணீரைக் கொடுத்துப் பார்த்தார். உள்ளே குட்டிக் குட்டியாக வண்ணப் பொட்டுகள். அடேயப்பா, அத்தனையும் வயிறு! முழு உறுப்புகளோடு வாழும் பிராணிகள் இவை என்று 1838-இல் தலையணை சைஸில் புத்தகமே போட்டார். நாமெல்லாம் ஒரே ஒரு வயிற்றை வைத்துக்கொண்டு மாசக் கடைசியைத் தாண்ட முடியாமல் தவிக்கிறோம்.

1836-இல் இந்த மனுஷர் மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே சக்கிமுக்கிக் கல்லின் கண்ணாடி போன்ற சில்லுகளை வைத்தார். டைனோசர் காலத்துக் கடலடியில் உருவான கல். உள்ளே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத உருண்டைகள். சிலவற்றில் இடுப்பைச் சுற்றி ஒரு பள்ளம், உடம்பெல்லாம் தட்டுகள். “இது நம்ம பெரிடினியம் ஆச்சே!” என்று கண்டுபிடித்துவிட்டார். டைனோஃபிளாஜெல்லேட் என்ற ஒரு செல் உயிரிதான். நூற்றுக்கு நூறு.

பக்கத்திலேயே உடம்பெல்லாம் முள்ளாக இன்னும் சில உருண்டைகள். அங்கேதான் ஐயா சறுக்கினார். முள்ளைப் பார்த்ததும் அவருக்கு ஞாபகம் வந்தது சாந்திடியம். அது என்ன? நன்னீரில் வாழும் பச்சைப் பாசி. கடலடிக் கல்லுக்குள் குளத்துப் பாசி எந்த பஸ் பிடித்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. பெரிய மனுஷர் சொன்னால் கேட்பார்களா?

இங்கிலாந்தில் ஒருவர் கேட்டார். டாக்டர் கிடியன் மான்டெல், இகுவானடான் என்ற டைனோசருக்குப் பெயர் வைத்தவர். அந்தப் பிராணியின் கட்டைவிரல் முள்ளைத் தூக்கி அதன் மூக்கில் ஒட்டவைத்த புண்ணியவானும் இவரே. அப்பேர்ப்பட்டவர், முள் உருண்டைகளைப் பார்த்து, “இது சாந்திடியம் இல்லை” என்று சரியாகச் சொன்னார். ஸ்பினிஃபெரைட்டஸ் என்று 1850-இல் தனிப்பெயரும் வைத்தார். ‘அப்படியானால் இது என்னதான்?’ என்று கேட்டால் மட்டும் டாக்டரிடம் பதில் கிடையாது.

அதன்பிறகு கடல் பிராணியின் முட்டை என்று சொன்னவர்கள் உண்டு. 1933-இல் ஓட்டோ வெட்சல் மான்டெலின் பெயரைக் கண்டுகொள்ளாமல் ஹிஸ்ட்ரிகோஸ்ஃபெரா என்று புதுப்பெயர் சூட்டினார். கல்லைக் கரைக்க ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் வந்தது. கண்ணாடியையே தின்னும் அந்த அமிலத்துக்கும் அசையாமல் முள் உருண்டை முழுசாக வெளியே வந்தது. ஆனாலும் எல்லோரும் முள்ளையேதான் எண்ணிக்கொண்டிருந்தார்கள்!

கடைசியில் 1961-இல் அமெரிக்காவின் வில்லியம் எவிட் விடையை எழுதினார். அடிப்படையில் ட்ரைலோபைட் புதைபடிவ ஆசாமி. பல உருண்டைகளில் ஒரு ஓட்டை இருந்தது. பார்த்தவர்களும் பொருட்படுத்தாத ஓட்டை. எவிட் அதைத்தான் உற்றுப் பார்த்தார். கல் பட்டு உடைந்ததென்றால் கண்ட இடத்தில் கன்னாபின்னாவென்று உடையணும். இதுவோ ஓரம் பிசிறில்லாமல், ஒரு தட்டு அளவுக்கு, ஒவ்வோர் இனத்திலும் அதே இடத்தில்! ஸ்பினிஃபெரைட்டஸில் இடுப்புப் பள்ளத்துக்குச் சற்று மேலே, முதுகுப் பக்கம்.

விஷயம் இதுதான்: டைனோஃபிளாஜெல்லேட் கெட்டியான உறைக்குள் கடலடியில் தூங்கும். விழித்ததும் ஒரு தட்டைத் தள்ளிவிட்டுக் கிளம்பிவிடும். நம் மேதைகள் ஒன்றேகால் நூற்றாண்டு ஆராய்ந்தது காலி உறையை. அந்த முள்ளும் சும்மா முளைத்ததில்லை. ஸ்பினிஃபெரைட்டஸில் தட்டுகள் சந்திக்கும் முக்குகளில், சர்வேக்காரர் நட்ட எல்லைக்கல் மாதிரி நிற்கிறது. எஹ்ரென்பெர்க் முள்ளின் அடியைப் பார்த்திருந்தால் பக்கத்திலிருந்த பெரிடினியத்தோடு உறவு புரிந்திருக்கும்!

நம்பாதவர்களுக்காக 1960-களில் உட்ஸ் ஹோலில் டேவிட் வாலும் பாரி டேலும் உயிருள்ள உறைகளை வளர்த்துப் பார்த்தார்கள். முள் உறையிலிருந்து வெளியே நீந்தி வந்தது கோனியாலாக்ஸ், அசல் டைனோஃபிளாஜெல்லேட். போதாக்குறைக்கு, வெவ்வேறு உறைகளிலிருந்து வந்தவை ஒரே முகஜாடையில் இருந்தன. ஆதார் ஒன்று, பாஸ்போர்ட் நாலு! அதனால் உறைக்கு ஒரு பெயர், நீந்துவதற்கு ஒரு பெயர் என்று இரட்டைப் பதிவேடு இன்றும் ஓடுகிறது.

பெயர்ச் சண்டையில் ஜெயித்தது யார்? முந்தி வைத்தவருக்கே உரிமை என்பது சட்டம். வெட்சலின் பெயர் ஓரங்கட்டப்பட்டு மான்டெலின் ஸ்பினிஃபெரைட்டஸ் திரும்பி வந்தது. எஹ்ரென்பெர்க் சாந்திடியம் என்று நினைத்து வைத்த ‘ராமோசஸ்’ இனப்பெயரும் பிழைத்துக்கொண்டது. பேரினத்தைத் தப்பாகச் சொன்னதற்கு, ஸ்பினிஃபெரைட்டஸ் ராமோசஸ் என்று எழுதும் இடமெல்லாம் அவர் பெயர் அடைப்புக்குறிக்குள் உட்கார்ந்திருக்கிறது.

உங்களிடம் யாராவது ஒரு முள் உருண்டையை நீட்டினால் அசந்துவிடாதீர்கள். எந்தத் தட்டு காணோம் என்று முதலில் பாருங்கள், முள்ளை அப்புறம் எண்ணலாம்.