சராசரி வயது பதினைந்து

"ஆர்ல எழுதிக்கிட்டு இருக்கேம்மா" என்றேன்.

"ஆருக்குக் கண்ணு?" என்றார் அம்மா.

எங்கள் கொங்குப் பக்கத்தில் 'யார்' என்பதற்கு 'ஆரு' என்றுதான் சொல்வோம். அதனால் ஆர் என்கிற புள்ளியியல் கணினி மொழியில் பிழைப்பு நடத்துகிறவன் வீட்டில் தன் தொழிலை விளக்குவது பெரும்பாடு. "ஆருக்குமில்லம்மா, ஆர்ல." "அதத்தான நானும் கேக்கறேன், ஆரு?" நியாயமான கேள்விதான். நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் என்ற இருவர் 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய மொழி இது. இரண்டு பெயருக்கும் முதல் எழுத்து ஆர். பெல் ஆய்வகத்தில் பிறந்த 'எஸ்' என்ற மூத்த மொழிக்கு இது தம்பி முறை. ஆனால் நெடுங்கணக்கில் அண்ணனுக்கு முன்னால் போய் நின்றுகொண்டது. 1.0.0 பதிப்பு வெளியான நாள் 2000 பிப்ரவரி 29. நாலு வருஷத்துக்கு ஒருமுறைதான் பிறந்தநாள் வரும் ஒரு ஜீவனிடம் நான் சம்பளம் வாங்குகிறேன்.

தினசரிச் சில்லறைத் தொல்லைகளுக்குக் குறைவில்லை. இந்த மொழியில் ஒரு பெயருக்குள் மதிப்பைப் போட அம்புக்குறி இடுவது வழக்கம்: <- என்று. ஒருநாள், லாபம் மைனஸ் ஐந்துக்கும் கீழே போய்விட்டதா என்று பார்க்க, ஒரு 'இஃப்' நிபந்தனைக்குள் நடுவில் இடைவெளி விடாமல் 'லாபம்<-5' என்கிற மாதிரி அடித்துவிட்டேன். நான் கேட்டது கேள்வி. அது எடுத்துக்கொண்டது கட்டளை. லாபத்தை ஐந்து என்று மாற்றி எழுதிவிட்டு, "ஆமாம்" என்று பதிலும் சொன்னது. நஷ்டக் கணக்கை இத்தனை சுலபமாக லாபமாக்கும் ஆடிட்டர் கிடைத்தால் விடுவார்களா?

அட்டவணைக்கு 'டிஎஃப்' என்று பெயர் வைக்கிற பழக்கமும் எனக்கு உண்டு. ஆரில் அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு ஃபங்ஷன் குடியிருக்கிறது. கோப்பை ஏற்ற மறந்துவிட்டு 'டிஎஃப்'பின் வயதுப் பத்தியைக் கேட்டால், "ஆப்ஜெக்ட் ஆஃப் டைப் குளோஷர் இஸ் நாட் சப்செட்டபிள்" என்று சிவப்பில் சீறும். முதல் தடவை பார்த்தபோது கம்ப்யூட்டருக்கு ஏதோ ஆகிவிட்டது என்றே நினைத்தேன். "நீ இன்னும் கோப்பையே திறக்கவில்லை" என்பதை அது அப்படித்தான் சொல்லும்.

விடுபட்ட விவரத்துக்கு ஆர் வைத்திருக்கும் பெயர் 'என்ஏ'. நானூறு பேரில் ஒரே ஒருவரின் வயது விடுபட்டிருந்தாலும், சராசரி கேட்டால் பதில் 'என்ஏ'. ஒருத்தர் சாப்பிடவில்லை என்பதற்காகப் பந்தியையே எழுப்பிவிடுகிற சமாச்சாரம். சரி, இந்த 'என்ஏ'வும் அந்த 'என்ஏ'வும் சமமா என்று கேட்டுப் பாருங்கள். அதற்கும் 'என்ஏ'தான். எரிச்சலாக இருக்கும். ஆனால் யோசித்தால், வயது தெரியாத இரண்டு பேருக்கு ஒரே வயதா என்று கேட்டால் வேறென்ன சொல்ல முடியும்?

இதெல்லாம் என் மானத்தை வாங்கியதில்லை. கத்துகிற பிழையோடு குடும்பம் நடத்திவிடலாம். கத்தாமல் சிரித்துக்கொண்டே பதில் தருகிறதே, அங்கேதான் ஆபத்து.

2017இல், முதியோர் ஓய்வூதியம் வாங்குகிறவர்களைப் பற்றிய ஒரு கணக்கெடுப்பு என் மேசைக்கு வந்தது. நானூறு சொச்சம் பேர். பெரும்பாலும் அறுபதுகளிலும் எழுபதுகளிலும் இருப்பவர்கள்; 101 வயதுப் பாட்டி ஒருவரும் உண்டு. சராசரி வயதைக் கேட்டேன், மறுத்தது. எண்ணாக மாற்றிவிட்டுக் கேட்டேன், பளிச்சென்று வந்தது. நானும் பச்சை, ஆரஞ்சு வண்ணத்தில் பட்டை வரைபடம் போட்டு, மேலதிகாரி மேடத்துக்கு அனுப்பிவிட்டுக் காபி குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது கூப்பிட்டார். "தம்பி, இது முதியோர் சர்வேயா, பத்தாங்கிளாஸ் சர்வேயா?"

சராசரி வயது 15 என்று போட்டிருந்தேன்.

அன்று மாலை ஏழரை மணிவரை தேடியதில் அகப்பட்டது இது. ஒரு பாட்டியின் படிவத்தில், வயதுக் கட்டத்தில், களப்பணிக்குப் போன தம்பி 'சுமார் 70' என்று எழுதியிருந்தார். பாட்டி சொன்னதை அப்படியே எழுதிய நேர்மை. ஆனால் ஒரு கட்டத்தில் எழுத்து நுழைந்தால் ஆருக்கு அந்தப் பத்தி முழுவதுமே எழுத்துதான். அந்தக் காலத்துப் பதிப்புகள் எழுத்தைக் கண்டால் 'ஃபேக்டர்' ஆக்கிவிடும்: வயதுகளைப் பெயர்களைப் போல அகரவரிசையில் நிறுத்தி, ரேஷன் கடை மாதிரி ஆளுக்கொரு டோக்கன். எழுத்துக் கணக்கில் 1 என்பது 6க்கு முன்னால் வருவதால் வரிசையில் முதலில் நின்றது 101. அடுத்து 60, அதற்கடுத்து 61. நான் "எண்ணாக மாற்று" என்றதும் அது கொடுத்தது வயதை அல்ல, டோக்கன் நம்பரை. சின்ன எச்சரிக்கைகூட இல்லை. அறுபது வயதுக்காரருக்கு வயது 2. நூற்றொரு வயதுப் பாட்டிக்கு 1. என் அறிக்கைப்படி, இன்னும் நடை பழகாத குழந்தை ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருந்தது.

பரிகாரம் ஒற்றை வரி. முதலில் எழுத்தாக மாற்றி, பிறகு எண்ணாக மாற்ற வேண்டும். மாற்றினேன். 'சுமார் 70' பாட்டி 'என்ஏ' ஆனார், இந்தமுறை எச்சரிக்கையோடு. உடனே சராசரியும் 'என்ஏ'. விடுபட்டவரைத் தள்ளிவிட்டுக் கணக்குப் போடு என்று சொல்ல ஒரு சொல் இருக்கிறது, சொன்னேன். 73 வந்தது.

கேட்காமலே ஃபேக்டர் ஆக்கும் இந்தப் பழக்கத்தை 2020 ஏப்ரலில், 4.0.0 பதிப்பில், கைவிட்டார்கள். எனக்கு மூன்று வருஷம் லேட். டோக்கன் கொடுக்கும் வேலை மட்டும் அப்படியே இருக்கிறது. ஃபேக்டரை நேரடியாக எண்ணாக்கச் சொன்னால் இன்றைக்கும் அதைத்தான் நீட்டும்.

கணக்கெடுப்புக்குப் போகிற தம்பி தங்கைகளுக்கு ஒரு விண்ணப்பம். வயதுக் கட்டத்தில் எண்ணை மட்டும் எழுதுங்கள். 'சுமார்' என்று எழுத, பக்கத்திலேயே குறிப்புக் கட்டம் இருக்கிறது.