ஆயுசு கேட்டு வாங்குலே

பேராண்டி, டீக்கடையில நீ போட்ட சத்தம் என் செவிட்டுக் காதுக்கே வந்துட்டுலே. ஆண்ட்ராய்டு தொறந்தது, ஆப்பிள் பூட்டினது, அதனால தொறந்ததே ஒசத்தின்னு தீர்ப்பே எழுதிட்டியாமே. படிச்ச புள்ள, சரியாத்தான் இருக்கும். இந்தக் கெழவனுக்குக் கொஞ்சம் சந்தேகம், அதை மட்டும் தீத்துட்டுப் போ.

ஆண்ட்ராய்டோட மூலநிரலை யாரும் எடுத்துப் பாக்கலாம், மாத்தலாம். வாஸ்தவம். அதுக்கு மேல ஏறி உக்காந்திருக்க பிளே ஸ்டோரு, மேப்பு எல்லாம் யாருக்குலே தொறந்திருக்கு? 2011-ல டேப்லெட்டுக்குன்னு வந்த ஹனிகோம்ப் நிரலைக் கூகுள்காரன் மாசக்கணக்கா வெளியில விடல. 2025-லேர்ந்து வேலை முழுக்க உள்ளறையிலதான் நடக்கு. எல்லாம் முடிஞ்ச பொறவு கதவைத் தொறந்து காட்டுதாவ. நீ எந்த நேரத்துல எட்டிப் பாத்தே?

சரி, அப்டேட்டுக்கு வாரேன். கூகுள் எழுதி அனுப்புனா, சிப்பு செஞ்சவன் அதைத் தன் சிப்புக்குப் பொருத்தணும். போன் செஞ்சவன் தன் சோடனையெல்லாம் மேல ஒட்டி, சோதிச்சுப் பாக்கணும். அதுக்குள்ள அவன் அடுத்த மாடலுக்கு விளம்பரம் போட்டுருவான். வித்துத் தீந்த பழசுக்கு மெனக்கெட்டா அவனுக்கு என்ன வரும்? இந்தச் சிக்கலை அறுக்கத்தான் 2017-ல கூகுள்காரன் ட்ரெபிள்னு ஒரு ஏற்பாடு செஞ்சான். கொஞ்சம் வேகம் கூடிச்சு. அந்தப் பூட்டின பயலோ, 2013-ல வித்த ஐபோன் 5எஸ்ஸுக்கு 2023 ஜனவரியில பாதுகாப்புத் திருத்தம் அனுப்பியிருக்கான். உன்னோட 2013 போன் எங்கலே? உங்கம்மை அதுமேலதான் ரசச்சட்டியை எறக்கி வைக்கா.

உடனே ஆப்பிள் கடைக்கு ஓடிராதே. பேட்டரி தளந்த போனை அப்டேட் வழியா மெதுவாக்குனவன் அவன். 2017 கடைசியில ஒத்துக்கிட்டான்; போன் திடீர்னு அணையாம இருக்கத்தானாம். வாங்குனவங்ககிட்டச் சொல்லாமச் செஞ்சதுக்கு பிரான்சுல 2.5 கோடி யூரோ தெண்டம் கெட்டுனான். உங்கப்பனும் என் நல்லதுக்குன்னுதான் காப்பியை அரைத் தம்ளராக் கொறைச்சான், என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம. நான் பிரான்சுல பொறக்காமப் போனேன்.

அதனால கடையில போய் தொறந்ததா பூட்டினதான்னு வாயை வளக்காதே. பாதுகாப்பு அப்டேட் எந்த வருசம் வரைக்கும்னு கேளு. பிக்சல் 8-க்கும் கேலக்சி எஸ்24-க்கும் 7 வருசம்னு வாக்கு குடுத்திருக்காவ. ஆனா கணக்கு நீ வாங்குன நாள்லேர்ந்து இல்ல, மாடல் சந்தைக்கு வந்த நாள்லேர்ந்து. தள்ளுபடியில கெடக்குத போனைக் கண்டு பல்லை இளிக்கதுக்கு முன்ன, அதுக்கு ஆயுசு எவ்வளவு பாக்கின்னு எண்ணிப் பாரு.

எனக்கும் ஒண்ணு வாங்கியா. 7 வருசம் உள்ளதே வேணும். 'தாத்தாவுக்கு ரெண்டு வருசத்துது போதும்'னு உங்கப்பன் சொல்லுவான். காதுல போட்டுக்காதே.