கப்பல் சொந்தம்

எங்கள் தாத்தா வீட்டுக்கு ஒவ்வொரு பொங்கலுக்கும் திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒருவர் வருவார். கூடத்து ஊஞ்சலில் உரிமையோடு உட்கார்ந்துகொண்டு, 'காப்பி ஆறிப்போச்சே' என்று பாட்டியையே அதட்டுவார். அவருக்குப் பெயர் கப்பல் மாமா. பாட்டிக்கு ஒன்றுவிட்ட தம்பி என்றுதான் பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். மீசை முளைத்த பிறகு விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. தாத்தாவும் அவரும் பினாங்கிலிருந்து நாகப்பட்டினத்துக்கு 'ரஜூலா' கப்பலில் பக்கத்துப் பக்கத்துப் பாயில் படுத்து வந்தவர்கள். மற்றபடி சொட்டு ரத்தம்கூட ஒட்டில்லை.

ரஜூலா 1926-இல் கட்டிய கப்பல். 1970-கள் தொடக்கம் வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று போய்வந்துகொண்டிருந்தது. மேல்தளப் பயணிக்குக் கட்டில் கிடையாது. பாய் விரித்த இடம்தான் பட்டா. அந்தச் சில நாள் பழக்கத்துக்கு முப்பது வருஷம் பொங்கல் விருந்து சாப்பிட்டுவிட்டுப் போனார் மனிதர். அன்றிலிருந்து எனக்கும் ஓர் ஆசை: ஒரு தடவையாவது கப்பலில் போக வேண்டும், ஒரு மாமாவையாவது சம்பாதிக்க வேண்டும்.

அறுபத்தாறு வயதில் வாய்ப்பு வந்தது. மகள் லண்டனில், மகன் நியூஜெர்சியில். ஓய்வுபெற்ற பெற்றோருக்கு வெளிநாட்டில் இரண்டே உத்தியோகம்தான்: பேரனைப் பார்த்துக்கொள்வது, பேத்தியைப் பார்த்துக்கொள்வது. லண்டன் கிளையில் பணி முடிந்து நியூஜெர்சி கிளைக்கு மாற்றல் ஆனபோது, சவுதாம்ப்டனிலிருந்து நியூயார்க்குக்குப் போகும் 'குயின் மேரி 2' கப்பலில் போகலாம் என்றேன்.

"எட்டு மணி நேரத்துல போற ஊருக்கு எதுக்குங்க ஏழு ராத்திரி?" என்றாள் மனைவி.

"கப்பல்ல 23 கிலோ தராசு கிடையாது."

பதில் வரவில்லை. எழுந்து போய்ப் பரணிலிருந்து இன்னொரு பெட்டியை இறக்கினாள். அத்துடன் பயணம் முடிவாயிற்று.

கப்பலின் நீளம் 345 மீட்டர். உள்ளே நாடக அரங்கு, நூலகம், நடன மண்டபம், கோளரங்கம் எல்லாம் உண்டு. முதல் நாள் முழுக்கச் சுற்றிவந்த மனைவி, "குளம் இருக்கு, கோயிலைத்தான் காணோம்" என்று தணிக்கை அறிக்கை கொடுத்தாள்.

இந்தப் பயணத்தின் பெரிய சுகம் கடலோ சாப்பாடோ அல்ல, கடிகாரம். இங்கிலாந்துக்கும் நியூயார்க்குக்கும் ஐந்து மணி நேர வித்தியாசம். விமானம் அந்த ஐந்தையும் மொத்தமாகத் தலையில் கொட்டிவிடும். நாம் நாலு நாள் பேயறைந்த மாதிரி திரிவோம். கப்பலில் அது தவணை முறை. மேற்கே போகும்போது ஐந்து இரவுகளில் இரவுக்கு ஒரு மணி நேரம் கடிகாரத்தைப் பின்னுக்குத் திருப்புகிறார்கள். அதாவது நாளுக்கு 25 மணி நேரம். முப்பத்தைந்து வருஷம் வங்கியில் இருந்தவன் நான்; கேட்காமலேயே வரவு வைத்த கணக்கை அங்கேதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

வரவு வந்தால் செலவும் வரத்தானே செய்யும்? நடுராத்திரி விழிப்பு வந்துவிடும். நடக்கலாம் என்று வெளியே போனால் அங்கே நம்மைப் போல நாலு பேர். ஏழாம் தளத்தில் கப்பலைச் சுற்றி நடைபாதை ஒன்று உண்டு. மூன்று சுற்று வந்தால் ஒரு மைலுக்குச் சற்று மேல். ஓரமாகச் சாய்வு நாற்காலிகள். எதிரே பார்க்கத் தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லை. கைப்பேசியை எடுத்தால் இணையத்துக்குத் தனிக் காசு. வேறு வழியில்லாமல் மனிதன் பக்கத்து நாற்காலிக்காரனைப் பார்க்கிறான். ஊரில் நாம் இடித்துவிட்டுக் கார் நிறுத்தும் இடமாக்கிய திண்ணை, அட்லாண்டிக் நடுவே மிதந்துகொண்டிருந்தது.

இரவுச் சாப்பாட்டுக்கு எட்டுப் பேர் மேஜை. எல்லோரும் பெயர் சொன்னார்கள். எங்கள் நாக்கில் ஒன்றும் தங்கவில்லை. மனைவி இரண்டாம் நாளே சொந்தமாக நாமகரணம் செய்துவிட்டாள். நாயோடு பயணம் செய்த அம்மாள் 'நாய்க்கார அக்கா'. விமானத்துக்குப் பயந்த கணவரோடு இருபது தடவை இதே கடலைக் கடந்து, அவர் போன பிறகும் பழக்கத்தை விடாதவர் 'இருபத்தோராம் நம்பர் அத்தை'. கிளாஸ்கோவிலிருந்து வந்த ஓய்வுபெற்ற பொறியாளர் முதல் இரண்டு நாள் வெறும் 'தாத்தா'. மூன்றாம் நாள் விருந்துக்குக் கட்டம் போட்ட ஸ்காட்லாந்து உடுப்பில் வந்ததும் 'பாவாடைத் தாத்தா' ஆகிவிட்டார்.

அன்று கறுப்புக் கோட்டு போட வேண்டிய விருந்து. அவரவர் நாட்டு உடையும் செல்லும் என்பதால் நான் பட்டு வேட்டி. தாத்தா என் இடுப்பை உற்றுப் பார்த்து, "பொத்தான் இல்லை, ஊசி இல்லை, எது தாங்குகிறது?" என்றார்.

"நம்பிக்கை" என்றேன். வேட்டிக்கு மேல் அகல பெல்ட்டைக் கட்டி அதைச் சட்டையால் மறைத்திருந்தது ராஜாங்க ரகசியம். பதிலுக்கு அவருடைய உடுப்பைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. சில சந்தேகங்களை அட்லாண்டிக்கிலேயே விட்டுவிடுவது நல்லது.

நாய்க்கார அக்கா ஒருநாள் எங்களை நாய்கள் தங்கும் பகுதிக்குக் கூட்டிப் போனார். காலைத் தூக்க வசதியாக அங்கே இங்கிலாந்து நாய்களுக்கு ஒரு தெருவிளக்குக் கம்பமும் அமெரிக்க நாய்களுக்கு ஒரு தீயணைப்புக் குழாயும் நட்டு வைத்திருக்கிறார்கள். "நம்ம ஊர் நாய் வந்தா?" என்றாள் மனைவி. யோசித்துப் பார்த்தேன். அது ஸ்கூட்டர் டயர் கேட்கும்.

சாயங்காலம் வெள்ளைக் கையுறைப் பரிசாரகர்கள் தேநீர் கொண்டுவருவார்கள். தேநீர் உயர்ந்ததுதான். ஆனால் மனைவிக்கு வேண்டியது டிகாக்‌ஷன் காப்பி. இந்தக் கப்பல் கம்பெனியின் முதல் நீராவிக் கப்பலான 'பிரிட்டானியா' 1840-இல் அட்லாண்டிக்கைக் கடந்தபோது, பயணிகளுக்குப் பால் கொடுக்க ஒரு பசுமாடும் கூடப் போனது என்று படித்ததை அவளிடம் சொல்லித் தொலைத்தேன். "அந்த மாட்டையாவது விட்டு வெச்சிருக்கலாம்" என்று ஒவ்வொரு மாலையும் பெருமூச்சு வந்தது. கோவாக்காரப் பரிசாரகர் ஒருவர் இந்தப் பெருமூச்சைக் கேட்டுவிட்டு, மறுநாள் கேட்காமலேயே ஒரு கிண்ணம் பருப்பும் இரண்டு பச்சை மிளகாயும் கொண்டுவந்து வைத்தார். அவர் அன்றிலிருந்து தம்பி.

ஐந்தாம் நாள் மூடுபனி. பனியில் போகும் கப்பல் இரண்டு நிமிஷத்துக்குள் ஒரு தடவை சங்கு ஊத வேண்டும் என்பது கடல் விதி. இந்தக் கப்பலின் சங்குகளில் ஒன்று பழைய 'குயின் மேரி'யிலிருந்து எடுத்து வந்தது. பத்து மைலுக்குக் கேட்குமாம். மன்னார்குடியில் அரிசி மில் சங்குக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்த என் மனைவி கப்பலிலேயே அன்றுதான் நிம்மதியாகத் தூங்கினாள்.

நான் நடைபாதையில் உட்கார்ந்திருந்தேன். பாவாடைத் தாத்தா வந்து பக்கத்தில் சாய்ந்தார். பனியில் கடலும் தெரியாததால் பேச்சு கப்பல் மாமாவிடம் வந்து நின்றது. ரஜூலா என்ற பெயரைச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பார்க்லே கர்ல் பட்டறை!" என்றார். ரஜூலாவைக் கட்டியது கிளாஸ்கோவில், அவர் ஊரில். சின்ன வயதில் அதே கிளைட் ஆற்றங்கரையில்தான் அவர் வேலை கற்றாராம். எங்கள் தாத்தா பாய் விரித்த பலகைக்கு அந்த ஊர் ஆணியடித்த கதையை அரை மணி நேரம் சொன்னார்.

விழித்து வந்த மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவளுக்கு உறவு முறை கணக்கிடக் காகிதம் தேவையில்லை. "நம்ம கப்பலைக் கட்டிக் குடுத்த ஊருன்னா பொண்ணு குடுத்த ஊரு மாதிரி. கப்பல் மாமாவுக்கு இவர் சம்பந்தி முறை" என்றாள். இதை ஆங்கிலத்தில் விளக்க எனக்குக் கால் மணி ஆயிற்று. தாத்தாவுக்குப் புரிந்ததோ இல்லையோ, எழுந்து நின்று கை கொடுத்தார். அன்று இரவும் ஒரு மணி நேரம் உபரியாக இருந்தது. போதவில்லை.

கடைசி நாள் விடிவதற்குள் எல்லோரும் மேல்தளத்தில். வெரசானோ பாலத்துக்கு அடியில் புகைபோக்கி சில அடி இடைவெளியில் நுழைந்தபோது, அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள், பாலம் நம் தலையில்தான் இடிக்கும் என்பதுபோல. சுதந்திர தேவியைப் பார்த்தோம், முகவரி மாற்றிக்கொண்டோம், அழுதோம். இரண்டு மணி நேரம் கழித்து புரூக்ளின் டாக்சி வரிசையில் அதே நாய்க்கார அக்கா எங்களை முந்திக்கொண்டு ஏறிப்போனார். தரை தட்டினால் கப்பலுக்கு மட்டுமல்ல, சிநேகிதத்துக்கும் ஆபத்துதான்.

ஆறு மாதம் கழித்து ஊருக்கு விமானத்தில் திரும்பினோம். ஜன்னலோர இருக்கையில் காதில் ஹெட்போன் மாட்டிய ஒரு பையன். அவன் நம்மைப் பார்க்கவில்லை, நாம் அவனைப் பார்க்கவில்லை. விமான தர்மம் அதுதான். நான் கண்ணை மூடினேன். மனைவி அவன் முழங்கையைத் தட்டி ஹெட்போனைக் கழற்ற வைத்து, "எந்த ஊருப்பா?" என்றாள்.

துபாய் வருவதற்குள் அவன் சம்பளம் தெரிந்துவிட்டது. அரபிக்கடல் தாண்டுவதற்குள் ஜாதகம். மீனம்பாக்கத்தில் அழைத்துப்போக வந்த என் தம்பியிடம் அவனை இழுத்து நிறுத்தி, "இவன் நம்ம பிளேன் தம்பி. பொங்கலுக்கு வர்றான்" என்றாள்.