எட்டு மணி என்றால் எட்டு மணியா?

தொலைக்காட்சி நிகழ்ச்சியை வீட்டில் பதிவு செய்யும் கலை 1975-ல்தான் பரவத் தொடங்கியது. அதற்கு ஏழு வருடம் முன்பே அதன் ஜாதகத்தில் சனியைக் கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டாள் ஒரு சின்னப் பெண். பெயர் ஹெய்டி. ஆல்ப்ஸ் மலையில் தாத்தாவோடும் ஆடுகளோடும் வசிப்பவள். யோஹன்னா ஸ்பைரி எழுதிய சுவிஸ் நாவலின் நாயகி. ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காதவள்.

1968 நவம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. என்பிசி தொலைக்காட்சியில் நியூயார்க் ஜெட்ஸுக்கும் ஓக்லண்ட் ரெய்டர்ஸுக்கும் ஆட்டம். அமெரிக்கர்கள் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டு அதற்குக் கால்பந்து என்று பேர் வைத்திருக்கிறார்களே, அந்த ஆட்டம். நாலு மணிக்கு ஆரம்பித்தால் ஏழு மணிக்குள் முடிந்துவிடும் என்பது நிலையத்தின் கணக்கு. ஏழு மணிக்கு ஹெய்டி படம். படத்துக்கு விளம்பரதாரர் டைமெக்ஸ், கைக்கடிகாரக் கம்பெனி. சோப்பு விற்கிறவர், பிஸ்கட் விற்கிறவர் என்றால் ‘அஞ்சு நிமிஷம் முன்னே பின்னே ஆகும் சார்’ என்று சமாளிக்கலாம். கடிகாரம் விற்கிறவரிடம் அதை எந்த முகத்தோடு சொல்வது?

ஏழு அடிக்கும்போது ஆட்டத்தில் இன்னும் ஒரு நிமிடத்துச் சொச்சம் பாக்கி. ஜெட்ஸ் 32–29 என்று முன்னால் இருந்தது. ஆட்டம் முடியட்டும், அப்புறம் படத்தைப் போடலாம் என்று மேலிடத்தார் நல்ல புத்தியோடு முடிவெடுத்து நிலையத்துக்குப் போன் போட்டார்கள். லைன் கிடைக்கவில்லை. ‘ஆட்டத்தை நிறுத்திவிடாதீர்கள்’ என்று கேட்பவர்களும், ‘ஹெய்டி சரியாக ஏழு மணிக்கு வருமா?’ என்று கேட்கும் தாய்மார்களும் அதே எண்களை மொய்த்துக்கொண்டிருந்தார்கள். மறு உத்தரவு வராததால் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர் கையிலிருந்த உத்தரவுப்படி கடமையைச் செய்தார். மணி ஏழு. கிழக்கு அமெரிக்காவின் திரைகளில் பனிமலை.

காட்டாமல் விட்ட அந்த ஒரு நிமிடத்துக்குள் ரெய்டர்ஸ், ஒன்பது வினாடி இடைவெளியில் இரண்டு முறை பந்தைக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய் 43–32 என்று ஜெயித்துவிட்டது. சேதி பரவியதும் வந்த வசவு மழையில் நிலையத்தின் தொலைபேசி இணைப்பகத்தில் ஃப்யூஸ் போனது. நிலையமும் பிராயச்சித்தமாக ஆட்டத்தின் முடிவைத் திரையின் அடியில் எழுத்தாக ஓடவிட்டது. ஓடவிட்ட நேரம்தான் முக்கியம். படத்தில் நடக்க முடியாத சிறுமி கிளாரா, தத்தித் தத்தி முதல் அடி வைக்க முயலும் கட்டம். தாய்மார்கள் கண்ணைத் துடைத்துக்கொள்ளப் போகும்போது கீழே ஓக்லண்ட் 43. அதுவரை கோபப்படாமல் இருந்தது அவர்கள் மட்டும்தான். அந்தக் குறையும் தீர்ந்தது.

நேரம் தவறாமல் நடந்துகொண்டதற்காக இவ்வளவு ஏச்சு வாங்கிய நிறுவனம் உலக வரலாற்றில் இன்னொன்று இருக்குமா, சந்தேகம்தான். நிலையம் பாடம் கற்றது. கட்டுப்பாட்டு அறைக்கென்று தனித் தொலைபேசி வைத்தார்கள். அதற்கு ‘ஹெய்டி போன்’ என்றே பேர் விழுந்தது. ஆடும் அணிகளின் ஊர்க்காரர்களுக்கு ஆட்டத்தை முடியும்வரை காட்டியே தீரவேண்டும் என்று ஒப்பந்தங்களில் ஏறியது. அதாவது ஏழு மணி என்று அச்சடித்துவிட்டு ஏழே முக்காலுக்குப் போடுவது, அன்று முதல் தவறு என்ற நிலையிலிருந்து கடமை என்ற நிலைக்கு உயர்ந்தது.

இப்படிப்பட்ட நாட்டில்தான் சோனி 1975-ல் பீட்டாமேக்ஸ் என்ற வீடியோ டெக்கை இறக்கியது. நிலையம் சொல்கிற நேரத்தில் நீங்கள் எதற்குப் பார்க்க வேண்டும், உங்களுக்குத் தோதான நேரத்தில் பாருங்கள் என்பது சோனியின் அக்கியோ மொரீட்டா சொன்ன தத்துவம். உயர்ந்த தத்துவம், கேசட்தான் ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். கொலை பதிவாகும், கொலைகாரன் யாரென்று பதிவாகாது. மறு வருடம் ஜேவிசி நிறுவனம் இரண்டு மணி நேரம் ஓடும் விஹெச்எஸ்ஸோடு வந்தது. அமெரிக்காவின் ஆர்சிஏ கம்பெனிக்கு அதுவும் போதவில்லை. நாலு மணி நேரம் வேண்டும் என்று ஜப்பான்காரர்களைப் பிடித்து உலுக்கி, 1977-ல் வாங்கியும் விட்டது. எதற்கு நாலு மணி நேரம்? ஒரு கால்பந்து ஆட்டம் முழுசாக அடங்க வேண்டாமா? ஹெய்டியின் தாத்தா மலை மேலிருந்து சிரித்திருப்பார்.

நடுவில் வழக்கு வேறு. பதிவு செய்வதே திருட்டு என்று யுனிவர்சலும் டிஸ்னியும் 1976-ல் நீதிமன்றம் போயின. ஹாலிவுட் முதலாளிகளின் சார்பாகப் பேசிய ஜாக் வலென்டி, 1982-ல் நாடாளுமன்றக் குழுவின் முன்னால், தனியாக இருக்கும் பெண்ணுக்கு பாஸ்டன் நகரத்துக் கழுத்து நெரிப்பவன் எப்படியோ அப்படித்தான் சினிமாத் தொழிலுக்கு வீடியோ டெக் என்றார். டெக்கோ அந்த நேரத்தில் எந்தக் கழுத்தையும் நெரிக்கும் நிலையில் இல்லை. உள்ளே சிக்கிய நாடாவைத் துப்பவே திணறிக்கொண்டிருந்தது. 1984 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நாலு என்ற கணக்கில், பிறகு பார்ப்பதற்காகப் பதிவு செய்வது குற்றமில்லை என்று தீர்ப்பளித்தது. பதிவு செய்யலாம் என்றுதான் தீர்ப்பு. முழுசாகப் பதிவாகும் என்பதற்கு எந்த நீதிபதியும் பொறுப்பேற்கவில்லை.

பொறுப்பு முழுவதும் டைமர் தலையில் விழுந்தது. டெக்கில் ஒரு கடிகாரம், சுவரில் ஒரு கடிகாரம், நிலையத்தில் ஒரு கடிகாரம், பத்திரிகையில் அச்சான ஒரு நேரம். நாலும் ஒத்துப்போனால் அது கிரகச் சேர்க்கை. அதிலும் பாதி வீடுகளில் டெக்கின் கடிகாரத்தைச் சரிசெய்யத் தெரியாமல் அது பன்னிரண்டு மணி என்று ஆயுள் முழுக்கக் கண்ணடித்துக்கொண்டிருந்தது. இது போதாதென்று 1981-ல் டெட் டர்னர் என்ற தொலைக்காட்சி முதலாளி, தன் டிபிஎஸ் அலைவரிசையில் எல்லா நிகழ்ச்சியும் இனி ஐந்து நிமிடம் தள்ளி, ஏழு ஐந்து, ஏழு முப்பத்தைந்து என்று ஆரம்பிக்கும் என்று அறிவித்தார். மற்ற சேனல்களில் ஆரம்பத்தைத் தவறவிட்டவர்கள் இங்கே வந்து ஒதுங்கட்டும் என்பது ஒரு கணக்கு. நிகழ்ச்சி வழிகாட்டிப் பத்திரிகையில் தன் நிகழ்ச்சிகள் மட்டும் தனி வரியில் பளிச்சென்று தெரியும் என்பது இன்னொன்று. மற்றவர்கள் தெரியாமல் தாமதித்தார்கள். டர்னர் அதைக் கொள்கையாக்கினார்.

பிரிட்டனில் தொல்லை வேறு உருவத்தில் வந்தது. 1985 ஏப்ரல் 28. ஷெஃபீல்டில் உலக ஸ்நூக்கர் இறுதி ஆட்டம், ஸ்டீவ் டேவிஸும் டென்னிஸ் டெய்லரும். ஆளுக்குப் பதினேழு ஃபிரேம் என்று சமநிலையில் நின்று, கடைசி ஃபிரேம் மட்டும் 68 நிமிடம் இழுத்தது. நள்ளிரவு தாண்டி, மேஜையில் மிஞ்சியிருந்த ஒரே கறுப்புப் பந்தை டெய்லர் விழவைத்தபோது பிபிசி 2-ல் 1 கோடியே 85 லட்சம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டைமர் வைத்துவிட்டுத் தூங்கப் போன உத்தமர்களின் கேசட்டுகள் எந்தப் பந்தில் முடிந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இந்த விவகாரத்தில் உருப்படியாக யோசித்தவர்கள் ஜெர்மானியர்கள். அதே 1985-ல் அவர்களுடைய பொது ஒளிபரப்பு நிலையங்கள் விபிஎஸ் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தன. படத்தின் கண்ணுக்குத் தெரியாத வரி ஒன்றில், இப்போது ஓடுவது எந்த நிகழ்ச்சி என்ற அடையாளத்தை நிலையமே அனுப்பிவிடும். டெக் கடிகாரத்தைப் பார்க்காமல் அந்த அடையாளத்துக்காகக் காத்திருக்கும். வந்ததும் பதியத் தொடங்கும், போனதும் நிறுத்தும். அடையாளம் எது தெரியுமா? முதலில் அறிவித்த நேரம்தான். எட்டேகால் நிகழ்ச்சி ஒன்பதுக்கு ஆரம்பித்தாலும் ‘நான்தான் எட்டேகால்’ என்று சொல்லிக்கொண்டே வரும். நம் ஊரில் பத்து மணி பஸ் பதினொன்றுக்கு வந்தாலும் அதற்குப் பத்து மணி வண்டி என்றுதானே பேர்? நேரத்தை நேரமாக நம்புவதை விட்டுவிட்டுப் பெயராக வைத்துக்கொண்டால் மனிதனுக்கு நிம்மதி என்பதை இன்ஜினியர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். தேவையும் இருந்தது. அந்த நாட்டின் புகழ்பெற்ற சனிக்கிழமை இரவு நிகழ்ச்சி ‘வெட்டன், தாஸ்..?’. அதைப் பல்லாண்டு நடத்திய தாமஸ் காட்ஷால்க், குறித்த நேரத்தில் முடிக்காமல் இழுப்பதற்கே பேர்போனவர். நேரம் தவறாத தேசம் என்ற புகழுக்கும் உண்மைக்கும் நடுவில் அந்த ஒற்றை வரிதான் மானத்தைக் காப்பாற்றியது.

அமெரிக்கா சும்மா இருக்குமா? 1990-ல் ஹென்றி யுவன் என்ற கணித நிபுணரும் கூட்டாளிகளும் ‘விசிஆர் பிளஸ்’ கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு நிகழ்ச்சிக்குப் பக்கத்திலும் பத்திரிகையில் ஓர் எண் இருக்கும், அதிகபட்சம் எட்டு இலக்கம். அதைத் தட்டினால் போதும். தேதி, சேனல், ஆரம்பம், நீளம் எல்லாம் அதற்குள் மடித்து வைத்திருக்கும். உலகமே வாங்கியது. பிரிட்டனில் வீடியோ பிளஸ், ஜெர்மனியில் ஷோவியூ, ஜப்பானில் ஜி-கோடு. அற்புதமான கணிதம், ஒரே ஒரு சங்கடம். நிகழ்ச்சி தள்ளிப்போனால் எண்ணுக்குத் தெரியாது. முன்பு விரல் நோகப் பன்னிரண்டு பொத்தானை அமுக்கித் தவறான நேரத்தைப் பதிந்தவர்கள், இப்போது ஒரே எண்ணில் சிரமமில்லாமல் தவறான நேரத்தைப் பதிந்தார்கள். யுவனுக்கு இந்த யோசனை வந்தது ஒரு பேஸ்பால் ஆட்டத்தைப் பதிவு செய்யப் பார்த்துத் தோற்ற கடுப்பில் என்பார்கள். பேஸ்பாலுக்கு முடியும் நேரமே கிடையாது! தீராத நோய்க்குத்தான் அவர் மருந்து தேடியிருக்கிறார்.

நம் பக்கத்தில் இந்தக் கவலை குறைவு. சென்னைத் தொலைக்காட்சி 1975-ல் வந்தது. வெகுகாலம் ஒரே சேனல். எதை எதோடு மோதவிடுவது? ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ அட்டை எந்த நேரமும் வரலாம். எவ்வளவு நேரம் வருந்துவார்கள் என்று எந்தப் பத்திரிகையும் அச்சடித்ததில்லை. பெரிய தலைவர் யாராவது மறைந்தால் வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ இருக்க வேண்டிய இடத்தில் சோக வீணை உட்கார்ந்துகொள்ளும். அன்று டைமர் வைத்தவருக்குக் கர்னாடக சங்கீதம் இலவசம். நடுவில் கரண்ட் போனால் டைமரும் போச்சு. அதனால் தமிழன் டெக்கைப் பதிவு செய்யும் கருவியாகவே மதிக்கவில்லை. சனிக்கிழமை ராத்திரி டெக்கை வாடகைக்கு எடுத்து, கூடவே நாலு கேசட், தெருவே கூடி விடியவிடியப் பார்த்துவிட்டுக் காலையில் திருப்பிக் கொடுத்தான். நிகழ்ச்சி நிரலோடு சண்டையே போடாமல் ஜெயிப்பது இந்த வகை.

1999-ல் டிவோ என்ற பதிவுக் கருவி வந்தது. கேசட் இல்லை, ஹார்டு டிஸ்க். தொலைபேசி வழியாகத் தானே நிரலை வாங்கிவைத்துக்கொள்ளும். சேனல்காரர்கள் அசருவார்களா? 2001 தொடக்கத்தில் வியாழக்கிழமைப் போட்டியில் எதிர் சேனலின் ‘சர்வைவர்’ நிகழ்ச்சியைச் சமாளிக்க, என்பிசி தன் அரை மணி நேர ‘ஃபிரெண்ட்ஸ்’ தொடரைச் சில வாரம் நாற்பது நிமிடமாக நீட்டியது. பிறகு ஒன்பது மணிக்கு முடிய வேண்டியது ஒன்பது ஒன்றுக்கு முடியும் விளையாட்டும் வந்தது. அந்த ஒரு நிமிடம் அடுத்த சேனலின் ஒன்பது மணி நிகழ்ச்சியோடு மோதும். இயந்திரம் இரண்டில் ஒன்றை மரியாதையாகக் கைவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் கால்பந்து இழுத்தால் சிபிஎஸ் சேனலில் பின்னால் வரும் எல்லாமே வரிசையாகத் தள்ளிப்போகும். ஹெய்டிக்குச் செய்த பிராயச்சித்தம் முப்பது வருடம் கழித்தும் வசூலாகிக்கொண்டிருந்தது. கடைசியில் டிவோ, நிகழ்ச்சி முடிந்த பிறகும் மூன்று மணி நேரம்வரை பதியலாம் என்று ஒரு வசதி வைத்தது. உலகின் நவீனக் கருவி, ‘எதற்கும் ஒரு கேசட் கூடப் போட்டு வை’ என்று பாட்டி சொல்கிற இடத்துக்கு வந்து சேர்ந்தது. வேண்டியது முழுசாக வேண்டுமானால் அதற்கடுத்து வரும் வேண்டாததையும் சேர்த்துப் பதிந்துகொள் என்பதே இந்தத் துறையின் சாரம்.

இந்தச் சாரத்தை அதன் எல்லைவரை கொண்டுபோனவர் ஃபிலடெல்ஃபியாவின் மேரியன் ஸ்டோக்ஸ். ஒருகாலத்தில் நூலகர். தொலைக்காட்சிச் செய்திகளை 1970-களின் இறுதியிலிருந்து 2012-ல் இறக்கும்வரை, பல டெக்குகளை ஒரே நேரத்தில் ஓடவிட்டு, இரவு பகலாகப் பதிந்தார். எழுபதாயிரம் கேசட்டுக்குப் பக்கம். அவை பிறகு இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணையக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. எத்தனை மணிக்கு ஆரம்பம், எப்போது முடியும், ஆட்டம் இழுக்குமா, தலைவர் பிழைப்பாரா, எந்தக் கவலையும் அவருக்கு இல்லை. நிறுத்தினால்தானே ஆரம்பிக்க வேண்டும்! ஒரு கேசட் ஆறு மணி நேரம் ஓடும். ஆகவே குடும்பத்தோடு வெளியே சாப்பிடப் போனாலும் அது தீர்வதற்குள் வீடு திரும்பியாக வேண்டும். எந்த நிலையத்தின் நேரத்துக்கும் கட்டுப்படாத பரிபூரண சுதந்திரம் அவருக்குக் கிடைத்தது, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்துபோய் கேசட் மாற்ற வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு.